ஏழாம் படத்தின் வானம்

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஞானமுத்து சார் காலையில் கடைக்கு வந்து ஒரு படத்தை மேசையில் வைத்தார். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். மகனைப் பார்க்கத் துபாய் போகிறார். விசாவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது நான்.

"ஜெயசிங், நல்லாப் பாருடே."

பார்த்தேன். சாருக்குப் பின்னால் இளநீல வானம். வலது காதுக்கு மேலே பஞ்சுத் துண்டு மாதிரி ஒரு மேகம். வெள்ளைப் பின்னணிதான் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறது. கைப் பழக்கத்தில் வானத்தை வைத்துவிட்டிருக்கிறேன்.

"நான் கேட்டது துபாய்தானடே. நீ நேரா பரலோகத்துக்கே அனுப்பிட்ட."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம். அந்தக் காலத்தில் அவர் என்னைக் கணக்கில் முப்பத்தொன்று மார்க்கில் நிறுத்தினார். நான் அவரை மேகத்தில் நிறுத்திவிட்டேன். வேறு படம் எடுத்துக் கொடுத்தேன்.

இந்த டைரி உப்புக் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஜூலை வரைக்கும் காலி. இன்றைக்கு ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. சரி, உட்கார்ந்தாயிற்று.

நான் ஜெயசிங். ஆறுமுகநேரியில் இருபத்தாறு வருடமாக ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், சடங்கு. கடைக்குப் பின்னால் வீடு. மனைவி ரூபி. மகள் பெனிட்டா, வயது இருபத்திரண்டு. அவளும் படம் எடுக்கிறாள். டியூஷன் எடுத்துச் சேர்த்து, அவளே வாங்கிய பழைய கேமராவில். என் கேமராவைத் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெனி முதல் சுற்றில் தேறிவிட்டாள்!

சென்னையில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. வருடத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு தங்கவைத்து, படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டு அனுப்ப வேண்டும். ஜூன் கடைசியில் அவளுக்குப் பாளையங்கோட்டையில் பரீட்சை. அதனால் பிரிண்ட் போட்டுக் கூரியரில் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. நானூறு பேரில் முப்பது பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை.

இது கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் பி.எட். அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம் இது. ரூபிக்குப் பிள்ளை டீச்சராக வேண்டும். பிள்ளைக்குச் செத்தாலும் டீச்சராகக் கூடாது.

கடைக் கம்ப்யூட்டரில் நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தாள். ஆங்கிலத்தில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பத்துப் படத்துக்கும் கேமரா ஒரிஜினல் ஃபைல் கொண்டுவரணுமாம்ப்பா. பொறவு, ஏழாவது படத்துல வானத்தைப் பத்திப் பேச விரும்புறாங்களாம்." நெற்றியைச் சுருக்கினாள். "ஏழுல வானத்துல ஒண்ணுமே இல்லியே. அதைப் பத்தி என்னத்தப் பேச?"

"ஒண்ணும் இல்லாததைப் பத்தித்தான் படிச்சவங்க நெறைய பேசுவாங்க" என்றேன்.

சிரித்தாள். நான் பின்பக்கம் போய் முகம் கழுவினேன். வயிற்றை ஏதோ செய்தது. மத்தியானம் சாப்பிட்ட மீனாக இருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மீன் ஒன்றும் செய்யவில்லை. நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

ஜூன் 27, மத்தியானம். கரண்ட் போய் வந்திருந்தது. பெனி கொடுத்துவிட்டுப் போன பென்டிரைவைப் போட்டேன். ஏழாவது படம் இது: உப்பளத்தில் லோடு ஏற்றி முடித்த சாயங்காலம். வரப்பில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவள் நெற்றியில் கையை வைத்து நம்மைப் பார்க்கிறாள். பின்னால் ஓலை மூடிய உப்புக் குவியல், அதற்கும் பின்னால் ஒரு கோடு. மேலே பாதிப் படம் வெறும் வானம். வடித்த கஞ்சி நிறம்.

வெளுத்த வானத்தோடு ஒரு படத்தை வெளியே விடுவது எங்கள் தொழிலில் சட்டைப் பொத்தான் போடாமல் பெண் பார்க்கப் போகிற மாதிரி. என் கம்ப்யூட்டரில் 'வானம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நூற்று நாற்பது வானங்கள். எல்லாவற்றிலும் ராசியானது நாற்பத்தொன்று. செக்கச் சிவப்பு, நடுவில் மேகம் கிழிந்து, கிழிசலுக்குள் பாதிச் சூரியன். திருச்செந்தூரிலிருந்து ஏரல் வரைக்கும் பாதிக் கல்யாணம் நாற்பத்தொன்றின் கீழேதான் நடந்திருக்கிறது. பெனியே ஒருமுறை கேலி செய்திருக்கிறாள்: "உங்க ஆல்பத்துல ஊருக்கே ஒரே நாள்ல பொழுது அடையுதுப்பா."

நாற்பத்தொன்றை எடுத்து அந்தப் பெண்களுக்குப் பின்னால் வைத்தேன். முடி ஓரம், ஓலை ஓரம் எல்லாம் பிசிறில்லாமல் வெட்டினேன். அந்த வேலை மட்டும் எனக்கு நன்றாக வரும். தூத்துக்குடி லேபில் அருளப்பன் பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும், "அண்ணாச்சி, ஏழாவது அள்ளுது. யாரு எடுத்தது?" என்றான்.

"நாங்கதான்" என்றேன்.

விண்ணப்ப விதிகள் நான்கு பக்கம், ஆங்கிலம். நான் படித்தது விலாசம் மட்டும். இன்று பெனி வெளியே போனதும் ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. மீறினால் தகுதி நீக்கம். கீழே அவள் கையெழுத்து.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு பாஸ்போர்ட் சைஸ், ஒரு லேமினேஷன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெனி நேர்முகத்துக்குத் தயாராகிறாள். தயாராவது என்றால் என்னை எதிரே உட்கார வைத்துப் பேசுவது. ரூபி தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழுல வானத்தை ஏன் வெறுமையா விட்டேன்னு கேட்டா, இப்படிச் சொல்லட்டுமாப்பா? மேல ஒண்ணும் இல்லைன்னாத்தான் கண்ணு கீழ வரும். அந்த முகங்களுக்கு வரும். நாள் முழுக்க வெள்ளையவே பாத்துட்டு இருந்தவங்களுக்குப் பின்னால வெள்ளைதான் இருக்கணும். எப்படி?"

"நல்லா இருக்கு பிள்ளே."

"நெசமாவா, சும்மா சொல்லுதியளா?"

"நெசமா."

தோசையைத் திருப்பிய ரூபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வியர்த்திருந்தது. அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், வியர்க்காதா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. எட்டாம் வகுப்பில் சாணிக் காகிதத்தில் ராக்கெட் செய்தபோது வந்ததுபோல ஒரு யோசனை. அவர்கள் ஒரிஜினல் ஃபைல்தானே கேட்கிறார்கள்? அதே உப்பளத்தில், அதே இடத்தில், சிவப்பு வானத்தோடு நிஜமாகவே ஒரு படம் எடுத்துவிட்டால்? அந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். ஃபைலை அவள் கார்டில் போட்டுவிட்டால், பொய் பொய்யாக இருக்காது. பத்து நாள் இருக்கிறது. சூரியன் தினமும்தானே விழுகிறது?

பெனியிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "ஏட்டி, இந்த சன்செட்டெல்லாம் எப்படி எடுக்குது?"

அவள் முகம் மலர்ந்ததை எழுதத்தான் வேண்டும். இதுவரை நான் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். வானம் நல்லா இருந்தா அடிவானத்தைக் கீழே இறக்கணும். நல்லா இல்லைன்னா மேலே ஏத்தணும். நடுவுல வெட்டக் கூடாது. முன்னால ஏதாவது ஒண்ணு வேணும், கல்லோ வரப்போ தண்ணியோ, கண்ணு அதைப் பிடிச்சுத்தான் உள்ள நடந்து போகும். வெளிச்சத்தை வானத்துக்கு வைக்கணும், தரைக்கு வைக்கக் கூடாது.

"முக்கியமானது, சூரியன் விழுந்த உடனே மூட்டையைக் கட்டிராதீங்க. அதுக்குப் பொறவு இருவது நிமிஷம் நிக்கணும். அப்பதான் ஆட்டமே."

"சூரியன் போன பொறவு என்ன ஆட்டம்?"

"கல்யாண வீட்டுல மாப்பிள்ள பொண்ணு போன பொறவுதான சொந்தக்காரங்க நிஜ முகம் தெரியும்? அது மாதிரி."

என் பிள்ளைதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஐந்தரைக்கு உப்பளம் போனேன். ரூபியிடம் திருச்செந்தூரில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அவள் படம் எடுத்தது எந்தப் பாத்தி என்று எனக்குத் தெரியாது. முதலில் வானம் கிடைக்கட்டும், இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் வானமும் ஆளும் எப்போதும் தனித்தனியாகத்தான் வருவார்கள்.

மேகம் ஒரு பொட்டு இல்லை. சூரியன் வேலை முடிந்த கிளார்க் மாதிரி நேராக இறங்கிப் போய்விட்டது. இருபது நிமிடம் நின்றேன். கொசுதான் ஆட்டம் போட்டது.

ஆகஸ்ட் 10, சனி

ஏரலில் கல்யாண ரிசப்ஷன். மண்டபத்துக்குள்ளேயே இருந்தேன். வெளியே வந்தபோது வானம் ரத்தமாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே டிரைபாடை மடக்கினேன். இன்னும் எட்டு நாள்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கை இன்னும் உப்பாக இருக்கிறது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

மேற்கே மதியத்திலிருந்தே மேகம் கட்டியிருந்தது. மலைப்பக்கம் மழை போல. அஞ்சு மணிக்கே போய்விட்டேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன், சரியில்லை. குனிந்து பார்த்தேன், அப்போதும் சரியில்லை. கடைசியில் குப்புறப் படுத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் வேட்டியோடு உப்பளத்து வரப்பில் குப்புறப் படுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். தொப்பை மட்டும் டிரைபாட் மாதிரி உதவியது.

முன்னால் ஒரு பாத்தித் தண்ணீர், அதன் ஓரத்தில் படிந்த உப்பு. வரப்பு வளைந்து உள்ளே போனது. அடிவானத்தைக் கீழே இறக்கினேன். சூரியன் மேகத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. அவள் சொன்னது நினைவுக்கு வந்தது, எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம். பிறகு மேகத்தின் அடிவயிற்றில் தீ பிடித்தது. முதலில் ஓரம் மட்டும். அப்புறம் மொத்தமும். தண்ணீரில் இன்னொரு வானம். உப்பு இளஞ்சிவப்பாக மாறியது. மூச்சைப் பிடித்துப் பிடித்து எடுத்தேன்.

இருபத்தாறு வருடத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் முதல் படம் என்று தோன்றியது. மற்றதெல்லாம் செய்த படங்கள்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா தூக்குச் சட்டியோடு வந்தாள். பேர் முத்துக்கனி. நான் கேட்டேன்: "இங்கன ஒரு பிள்ள வந்து உங்களையெல்லாம் படம் எடுத்துச்சே, எந்த இடம் தெரியுமா?"

"நம்ம பெனிட்டாவா? அது உங்க பிள்ளையா அண்ணாச்சி? தங்கமான பிள்ள. அன்னைக்கு எங்கூட நாலு கூடை உப்பு சொமந்துச்சு. அந்தா, அங்கனதான்."

கையை நீட்டினாள். எனக்கு நேர் பின்னால்.

திரும்பினேன். ஓலை மூடிய அதே குவியல். அதற்குப் பின்னால் அந்தக் கோடு. நான் ரோடு என்று நினைத்திருந்த கோடு. கடல்.

"நாங்க மூணு பேரும் இப்படி உக்காந்திருந்தோம். அது உங்க பக்கம் நின்னுச்சு. மூஞ்சில வெயிலு, கண்ணு கூசிச்சு. கையை வச்சு மறைச்சுக்கிட்டேன். கையை எடுக்காதீங்க அக்கா, அப்படியே இருங்கன்னுச்சு." சொல்லிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து என்னைப் பார்த்துக் காட்டினாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

அவளுக்குப் பின்னால் கிழக்கு. கஞ்சி நிறத்தில் வானம்.

நான் கிழக்கே சூரியனை விழ வைத்திருக்கிறேன். கடலுக்கு மேலே. பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இருக்கிறவன். இங்கே சூரியன் கடலில் எழும்பும், கடலில் விழாது என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். படத்தில் முத்துக்கனிக்கு முதுகுப் பக்கம் ஒரு சூரியன். முகத்துப் பக்கம் இன்னொரு சூரியன். கையை வைத்து அவள் எதை மறைக்கிறாள்?

வானத்தைப் பற்றி ஏன் பேச விரும்புகிறார்கள் என்று இப்போது புரிந்தது. அவர்கள் ரசித்து எழுதவில்லை. பிடித்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, மயக்கமா? தண்ணி குடிக்கியளா?"

குடித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரூபியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் உப்பு எப்படி வந்தது என்று கேட்டாள். திருச்செந்தூர்ப் பார்ட்டி என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது.

முழுவதும் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "அவ படத்துல நீங்க ஏன் கை வச்சிய?"

"வானம் வெளுத்திருந்துச்சு."

"அதுக்கு?"

"பழக்கம்."

துணியை மடித்தாள். "அவ படம் பேப்பர்ல வந்த அன்னைக்கு நீங்க சாப்பிடாம படுத்திய. ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்கு வயிறு சரியில்ல."

"ம். உங்க வயிறு." மடித்த துணியை அடுக்கினாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இன்னைக்கே."

பி.எட். வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள் இவள். இதில் அவளுக்குச் சந்தோஷம்தான் வரும் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. என் கணக்கு எப்போதும் முப்பத்தொன்றுதான்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று சொல்ல வேண்டும் என்றே அவள் அறைக்குப் போனேன். சுவரில் பத்துப் படத்தையும் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள், கடை பிரிண்டரில் சின்னதாக எடுத்தவை. ஏழு நடுவில். வெறும் வானம்.

"பெனி."

"என்னப்பா?"

"டிரெயின்ல சைடு லோயர் கிடைச்சிருக்கு. பரவாயில்லையா?"

"அதுக்கா இவ்வளவு நேரம் வாசல்ல நின்னிய?"

ஆகஸ்ட் 16, வெள்ளி

சொல்லவில்லை. காதுகுத்து ஒன்று. குழந்தை கத்திய கத்தலில் நானும் சேர்ந்து கத்தியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 17, சனி

பெனி என் மெமரி கார்டைக் கேட்டாள். அவளுடையது நிறைந்துவிட்டதாம். கார்டில் பதினொன்றாம் தேதிப் படம் இருந்தது. அழிக்க மறந்துவிட்டேன், அல்லது மறக்கவில்லை.

ஓடி வந்தாள். "அப்பா! இதை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா."

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரப்பு உள்ளே போகிற இடத்தை விரலால் தொட்டாள். "வரப்புல படுத்தா எடுத்தீங்க? சூரியன் போன பொறவு காத்திருந்தீங்களா?" என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், பெரிய மனுஷியாட்டம். "இது பிரமாதம்ப்பா. நெசமா."

இதைவிட அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. ரயிலில்

சொல்லிவிட்டேன்.

திருநெல்வேலி தாண்டிய பிறகு. ரூபி கட்டிக்கொடுத்த இட்லியைப் பிரித்து வைத்திருந்தோம். ஜன்னலில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பெனி கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கிறேன் என்றாள். "மேல ஒண்ணும் இல்லைன்னாத்தான் கண்ணு கீழ வரும்" என்று ஆரம்பித்தாள்.

"அதைச் சொல்லாத பிள்ளே" என்றேன். "அவங்ககிட்ட இருக்கிற படத்துல வானம் இருக்கு."

புரியவில்லை அவளுக்கு. போனில் எடுத்துக் காட்டினேன். பிரிண்ட் போன ஃபைல் என்னிடம் இருந்தது.

பார்த்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். முத்துக்கனியின் கையை. பிறகு சூரியனை. திரும்பவும் கையை.

"எப்ப?"

"ஜூன்ல. பிரிண்ட் போடும்போது."

"இத்தன நாளா நான் உங்க முன்னால உக்காந்து பேசிட்டு இருந்தேனே. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

எனக்கு வாயில் இட்லி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எனக்கென்று இருந்த மேல் பெர்த்தில் ஏறிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் இட்லி அப்படியே இருக்கிறது. ரயில் ஆடுவதால் எழுத்து இப்படி.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் எழும்பூரில் இறங்கியதும் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன்."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

வராந்தாவில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் மடியில் கணினியோடு இருந்தார்கள். அப்பாவோடு வந்தவள் இவள் ஒருத்திதான். பதினொன்றே காலுக்கு உள்ளே போனாள். கதவில் கண்ணாடி. தலைகள் மட்டும் தெரிந்தன. தாடி வைத்த ஒருவர், இளைஞர் ஒருவர், கண்ணாடி போட்ட வயதான அம்மா ஒருவர். பெனி பேசினாள். தாடிக்காரர் தலையை ஆட்டவே இல்லை. பத்து நிமிடம் கழித்து இளைஞர் வெளியே வந்தார். "பெனிட்டாவோட அப்பா யாரு?"

எழுந்தபோது செருப்பு ஒன்று பெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு உள்ளே போனேன்.

மேசையில் இரண்டு படங்கள். நான் மாற்றியது, அவள் எடுத்தது.

தாடிக்காரர் சொன்னார்: "அப்பாதான் மாத்தினாருன்னு உங்க பொண்ணு சொல்றாங்க. இங்க வர்றவங்க எல்லாருமே யாரையாவது சொல்வாங்க. நீங்க பொண்ணுக்காக ஒத்துக்கலாம். நாங்க எப்படி நம்புறது?"

போனை எடுத்து, நான் செய்த ஆல்பங்களைத் திறந்து மேசையில் வைத்தேன். ஏரல் கல்யாணம், காயாமொழி கல்யாணம், அம்மன்புரம் வளைகாப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் நாற்பத்தொன்று. அதே சிவப்பு, அதே கிழிசல். சூரியன் மட்டும் ஒன்றில் மாப்பிள்ளையின் தோளில் உட்கார்ந்திருந்தது, ஒன்றில் மாமியாரின் கொண்டையில்.

இளைஞருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். தாடிக்காரர்கூட மீசையைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார். பெனி சிரிக்கவில்லை. என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கேட்டார்: "தொழில் தெரிஞ்சவரா நீங்க சொல்லுங்க. இந்த ரெண்டுல எது நல்ல படம்?"

"பிள்ளையோடதும்மா."

"அது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பெனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்த மாசம் பதினொன்னாம் தேதி. உப்பளத்துல. சூரியன் எனக்கு முன்னால விழுந்துச்சு. படத்துல இருக்கிற அந்தம்மா எனக்குப் பின்னால இருந்தாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது."

கேள்வி கேட்ட அம்மா தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. இல்லை.

விதி விதிதானாம். அனுப்பிய பத்தில் ஒன்று மாற்றப்பட்டது, யார் மாற்றியது என்பது கணக்கில்லை. கடைசியில் இரண்டு வரி அந்த அம்மா கையால் எழுதியிருந்தார். பெனி தமிழில் சொன்னாள்: "அடுத்த வருடம் இதே ஏழாவது படத்தை முதல் படமாக வைத்து அனுப்பு. நீயே அனுப்பு."

'நீயே' என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தது. கோட்டையும் படித்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 31, சனி

ஆல்பம் வேலை ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் நாற்பத்தொன்றைக் காட்டி அதேதான் வேண்டும் என்றார்கள். வைத்துக் கொடுத்தேன். பெனி இரண்டு நாளாகத் தலைவலி என்று படுத்திருக்கிறாள். ரூபி ரசம் வைத்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று பி.எட். சேர்ந்தாள். நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். ரெண்டு வாரமாக என்னிடம் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், உப்பளத்து வளைவு வந்ததும் பின்னாலிருந்து, "நிப்பாட்டுங்கப்பா" என்றாள்.

நிறுத்தினேன். பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இறங்கி நின்றாள். புது சுடிதார், தோளில் பை. டீச்சர் மாதிரியே இருந்தாள். அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். "மொதல்ல ரொம்பக் கோவம் வந்துச்சு. உங்ககூடப் பேசவே கூடாதுன்னு இருந்தேன். பொறவு அங்க வச்சு நீங்க சொன்னதை நெனச்சேன். உங்களுக்கு அப்ப தெரியாதுல்ல. வானம்னா செவப்பாத்தான் இருக்கணும்னு இருவத்தாறு வருஷமா கை பழகிப்போச்சு. கை செஞ்சதுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்?"

நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தாத்தான் என்னால தாங்கிக்க முடியாது. தெரியாமத்தான செஞ்சீங்க?"

"ஆமா பிள்ளே."

"அப்ப சரி. விடுங்க. ஒரு வருஷந்தான." ஏறி உட்கார்ந்து என் தோளில் கையை வைத்தாள். "போங்க, முதல் நாளே லேட்டாயிரும்."

கல்லூரி வாசலில் இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன், குடை இருக்கிறதா என்று கேட்டேன், மத்தியானச் சாப்பாட்டை மறக்காமல் சாப்பிடு என்று சொன்னேன்.

ஜூன் 27 மத்தியானம் அவளுடைய ஏழாவது படம் திரையில் விரிந்ததும் கால் மணி நேரம் நான் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும், இப்படி ஒரு படத்தை என் ஆயுசில் நான் எடுக்கவே போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் வானத்தைத் தேடினேன் என்பதையும் மட்டும் சொல்லவில்லை.